கொங்கு நெசவுத் துணிகளால் வீட்டை அலங்கரிக்க: அளவெடுப்பது முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஈரோட்டுப் பக்கம் வீடுகளுக்குத் திரையும் மெத்தை உறையும் (குஷன் கவர்) தைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் கையில் துணியோடுதான் வருகிறார்கள். பவானியில் ஒரு ஜமக்காளம், சென்னிமலையில் நான்கு பெட்ஷீட், கரூரிலிருந்து திரைத்துணி என்று பிடித்ததையெல்லாம் வாங்கிவிட்டு, "இதை வைத்து வீட்டை அழகாக்கிக் கொடுங்கள்" என்பார்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல துணிதான். ஒரே அறைக்குள் போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். திரை ஒரு சாண் போதாது, ஜமக்காளம் சோபாவுக்கு அடியில் போய்விடும், முதல் சலவையில் சிவப்பு ஓடி வெள்ளைக் கரையைக் கெடுத்துவிடும்.

இவையெல்லாம் ரசனைக் குறைவால் வருவதில்லை, வரிசை மாறியதால் வருகின்றன. அறையைப் பார்ப்பது முதல் வேலை. அளவெடுப்பது இரண்டாவது. துணி வாங்குவது அதற்கும் பிறகு. வாங்கிய துணி தண்ணீரைப் பார்த்த பிறகுதான் கத்தரியைப் பார்க்க வேண்டும்.

1. கடைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

இரும்பு டேப் ஒன்று வேண்டும். தையற்காரர் பயன்படுத்தும் துணி டேப் நாள்பட இழுபட்டு நீண்டுவிடும். ஏழடி உயரத்தை அதில் அளந்தால் அரை அங்குலம் வரை பிசகும். ரவிக்கைக்கு அளவெடுக்க அது போதும், ஜன்னலுக்குப் போதாது.

அறைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு, ஒரு பழைய வெள்ளைக் கைக்குட்டை, மாறுபட்ட நிறத்தில் நூல் கோத்த ஊசி, ஒரு பழைய எட்டு முழ வேட்டி ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். எது எதற்கென்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

2. வெயில், காற்று, தரை: அறையை முதலில் பாருங்கள்

காலை, நண்பகல், மாலை நான்கு மணி என மூன்று வேளையும் அறையில் நின்று, வெயில் எந்த ஜன்னல் வழியாக வந்து எதன்மேல் விழுகிறது என்று நோட்டில் குறியுங்கள். மேற்கு ஜன்னலில் விழும் மாலை வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும். அடர் நிறத் துணியில் அந்த வெளுப்பு பட்டை பட்டையாகத் தெரியும். அந்த ஜன்னலுக்கு வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். அடர் நிறம்தான் வேண்டுமென்றால் பின்னால் உள்துணி கொடுத்தே தைக்க வேண்டும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி வீசும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய திரை அந்தக் காற்றில் நாள் முழுவதும் ஜன்னல் கம்பியில் அடித்து அடித்து, ஒரே பருவத்தில் ஓரம் கிழியும். கம்பியில் துரு இருந்தால் கறை வேறு ஏறும். காற்றுப் பக்கத்து ஜன்னலுக்குக் கனமான நெசவு, இல்லையென்றால் அடிமடிப்பில் எடை. இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மூன்றாவது தரை. நடுவில் முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தால், சிவப்பு மிகுந்த ஜமக்காளம் அதில் கரைந்து போகும். அங்கே பச்சை, நீலம், மஞ்சள் தூக்கலாக இருக்க வேண்டும். இப்போதைய வெள்ளை டைல்ஸ் தரையில் நிலைமை நேர்மாறு. வெள்ளைப் பின்னணியில் அகலமான பளிச்சென்ற கோடுகள் கண்ணைக் குத்தும். நடுவில் ஒரே நிறமும் ஓரத்தில் மட்டும் வேலைப்பாடும் உள்ள ஜமக்காளமோ, கோடுகள் நெருங்கிய ஜமக்காளமோ அங்கே அமைதியாக உட்காரும்.

3. ஓர் அறைக்கு ஒரே தலைமை வடிவம்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கோடு, கட்டம், கோபுரக் கரை, பூ வேலைப்பாடு என்று நம் நெசவில் எல்லாமே அழுத்தமான வடிவங்கள். இரண்டு அழுத்தமான வடிவங்கள் எதிரெதிரே இருந்தால் எதைப் பார்ப்பதென்று கண்ணுக்குத் தெரியாது.

அறையின் பெரிய பரப்பு எது என்று முதலில் பாருங்கள். கூடத்தில் அது பெரும்பாலும் தரை, படுக்கையறையில் கட்டில். அந்தப் பரப்புக்கு மட்டும் பெரிய வடிவம். மற்ற இடங்களில் அதே நிறக் குடும்பத்தில் சிறிய வடிவம், அல்லது வெறும் ஒற்றை நிறம். ஜமக்காளத்தில் மூன்று அங்குலக் கோடு இருந்தால், மெத்தை உறையில் அரை அங்குலக் கட்டம் இருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் தவறிப் பொருந்தாமல் போனது போலத் தோன்றும். தெளிவான வேறுபாடு இருந்தால்தான் இது தெரிந்து செய்தது என்று தெரியும்.

நிறம் எடுப்பதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி இது: ஜமக்காளத்தில் எந்த நிறம் மிகக் குறைந்த இடத்தைப் பிடித்திருக்கிறதோ அதை மெத்தை உறைக்கு எடுங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கோடு ஓடும். அந்த மஞ்சளில் இரண்டு உறை போட்டால், தரையில் அதுவரை கவனிக்காத அந்தக் கோடும் எழுந்து தெரியும். சிவப்பு ஜமக்காளத்துக்குச் சிவப்பு உறை என்று போனால் அறை முழுக்க ஒரே நிறம் அடைத்துக்கொள்ளும்.

கோடு ஓடும் திசையும் முக்கியம். கண் கோட்டின் வழியே போகும். குறுகலான நீண்ட கூடத்தில் ஜமக்காளக் கோடுகள் குறுக்கே ஓடினால் அறை அகலமாகத் தெரியும், நீளவாக்கில் ஓடினால் நடைபாதை ஆகிவிடும். தாழ்ந்த கூரையுள்ள அறைத் திரையில் கோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

4. அளவும் கணக்கும்

ஜன்னல் திரைக்கு ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னல் அகலம் 48 அங்குலம். திரைக் கம்பி இரு பக்கமும் 6 அங்குலம் கூடுதலாகப் போக வேண்டும், ஆக 60. அப்படி விட்டால்தான் திரையை ஒதுக்கும்போது துணி சுவர்மேல் போய் நிற்கும், ஜன்னல் முழுதாகத் திறக்கும்.

அடுத்தது கொசுவ அளவு. வெறும் துணி, நீளவாக்குக் கோடு ஆகியவற்றுக்குக் கம்பி அகலத்தின் இரண்டு மடங்கு துணி வேண்டும். பெரிய கட்டத்துக்கு ஒன்றரை மடங்கு போதும். அதற்குமேல் கொடுத்தால் கட்டம் மடிப்புக்குள் மறைந்து, காசு கொடுத்து வாங்கிய வடிவமே கண்ணில் படாது. நாம் இங்கே சின்னக் கட்டம் என்று வைத்து இரண்டு மடங்கே எடுப்போம்: 120 அங்குலம்.

துணியின் பன்னா, அதாவது துணியின் அகலம், 48 அங்குலம் என்றால் 120-ஐ 48-ஆல் வகுக்க இரண்டரை வரும். மூன்று பாகம் வாங்க வேண்டும். மூன்றாவது பாகத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வலத்திரைக்கு ஒரு பாதி, இடத்திரைக்கு ஒரு பாதி. பாதித் துண்டை எப்போதும் சுவர் பக்கமாகவே இணையுங்கள். நடுவில் வந்தால் தையல் கோடு பளிச்சென்று தெரியும்.

இனி உயரம். கம்பியிலிருந்து தரைக்கு 84 அங்குலம் என்று வையுங்கள். அடிமடிப்புக்கு 6, தலைமடிப்புக்கு 4. மொத்தம் 94. பருத்தி நனைந்தால் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து என்று எடுத்தால் 94-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும், 99 வரும். 94-க்கு ஐந்து சதவீதம் கூட்டினால் அதே கணக்கு வராது என்பதைக் கவனியுங்கள். நீண்ட திரைகளில் அந்தச் சிறு வித்தியாசமே தரைக்கும் துணிக்கும் நடுவே இடைவெளியாக நிற்கும்.

கடைசியாக வடிவம் திரும்ப வரும் அளவு. கட்டமோ குறுக்குப் பட்டையோ 12 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், 99-ஐ அடுத்த 12-ன் மடங்குக்கு உயர்த்த வேண்டும், அதாவது 108. ஒவ்வொரு பாகமும் வடிவத்தின் ஒரே இடத்தில் தொடங்கினால்தான் குறுக்குக் கோடுகள் திரைக்குத் திரை நேராகச் சந்திக்கும். இந்த 9 அங்குலத்தை வீண் என்று நினைத்து விட்டுவிட்டு, பிறகு படிக்கட்டாக நிற்கும் கட்டங்களை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நீளவாக்குக் கோடாக இருந்தால் இந்தக் கூடுதல் தேவையில்லை.

108 அங்குலம் மூன்று பாகம்: 324 அங்குலம், சரியாக 9 கெஜம். மீட்டரில் எட்டேகால். இதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஜமக்காளத்துக்குக் கணக்கைவிட ஒத்திகை நல்லது. எட்டு முழ வேட்டியை நீங்கள் நினைக்கும் அளவுக்கு மடித்துத் தரையில் விரித்து, ஒரு நாள் அதன்மேல் நடமாடிப் பாருங்கள். கதவு தடுக்கிறதா, சோபாவின் முன்கால்கள் அதன்மேல் நிற்கின்றனவா என்று தெரிந்துவிடும். சுற்றிலும் ஒரு அடி தரை தெரிய வேண்டும். சுவரை முட்டிக்கொண்டு கிடக்கும் ஜமக்காளத்தின் ஓரக் கரை யார் கண்ணுக்கும் தெரியாது.

5. எங்கே, எப்படி வாங்குவது

தரைக்கு பவானி. முரட்டுப் பருத்தி நூலில் அகலக் கோடுகளோடு வருவது ஒரு வகை. பருத்திப் பாவில் (நீளவாக்கு நூலில்) செயற்கைப் பட்டு நூலை ஊடையாக (குறுக்கு நூலாக) கொடுத்து, கரையில் வேலைப்பாடு செய்வது இன்னொரு வகை. ஆட்கள் உட்கார்ந்து புழங்கும் கூடத்துக்கு முதல் வகைதான் தாங்கும். இரண்டாவது மென்மையானது, பார்வைக்குச் செழிப்பானது. நடமாட்டம் குறைந்த அறைக்கும் சுவருக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் சென்னிமலை பெட்ஷீட். திரைக்கும் மேசை விரிப்புக்கும் கரூர். கட்டம் போட்ட பருத்திச் சேலைக்குப் பொள்ளாச்சியை அடுத்த நெகமம். பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா காட்டன் மெல்லியது, வெயில் பட்டால் அதிலுள்ள பட்டு இற்றுப்போகும் என்பதால் ஜன்னலுக்கு வேண்டாம். மேசை நடுவில் போடும் நீளத் துண்டாக வைத்தால் நன்றாக இருக்கும்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவில் தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். இரவில் போய் விலை விசாரியுங்கள், நிறத்தை மட்டும் இரவில் முடிவு செய்யாதீர்கள். மின்விளக்கின் கீழ் மரூன் என்று வாங்கியது காலையில் செங்கல் நிறமாக நிற்கும். விடிந்த பிறகு, துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்து எடுங்கள்.

ஜமக்காளத்தைப் புரட்டிப் பாருங்கள். ஊடை நூல் பாவை முழுதாக மூடி நெய்யப்படுவதால் இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் நிறம் இருக்க வேண்டும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த துணி. விரல் நகத்தால் ஊடையை மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். எளிதாக விலகி இடைவெளி விழுந்தால் நெசவு தளர்வு, நாற்காலிக் கால் பட்டதும் கோடு வளையும்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் விசைத்தறியில் நெய்யக் கூடாத 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவருக்குச் சேர வேண்டிய கூலியை அவை தின்றுவிடுகின்றன. கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தில் கைத்தறி முத்திரை பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்குத் தரும் 30 சதவீதத் தள்ளுபடியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் தள்ளுபடி முடிகிறதே என்று அளவெடுக்காமல் ஓடாதீர்கள். முதல் நான்கு படிகளும் நோட்டில் இருந்தால் மட்டும் போங்கள்.

திரைத்துணி ஒரே பாவிலிருந்து, ஒரே துண்டாக வர வேண்டும். "குறைந்தால் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்பது நடக்காது. அடுத்த சாயத்தொட்டியில் அதே நிறம் ஒரு சாயல் மாறிவிடும்.

6. நனைத்த பிறகே வெட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் புதுமனை புகுவிழா அவசரத்தில், வெளியில் தைத்த திரைகளை நனைக்காமலே மாட்டியிருந்தார்கள். மாட்டிய அன்று தரையைத் தொட்டன. பொங்கலுக்குத் துவைத்த பிறகு நான்கு அங்குலம் தூக்கிக்கொண்டன. அதைவிட மோசம் உள்துணி. அது மேல்துணியைவிட அதிகம் சுருங்கி, திரை முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. உள்துணிக்குப் போடும் காடாத் துணியில் (வெளுக்காத பருத்தித் துணி) நெசவுக்காக ஏற்றிய கஞ்சி அப்படியே இருக்கும். அதை முதலில் நனைக்க வேண்டும்.

முதலில் சாயச் சோதனை. வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்துப் பிழிந்து, துணியின் ஓரத்தில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். நிறத்துக்கு ஒரு மூலை. இலேசான சாயல் ஏறினால் பரவாயில்லை, அது ஒட்டாமல் மேலே நிற்கும் சாயம், இரண்டு அலசலில் போய்விடும். கைக்குட்டையில் கோடு கோடாக அழுத்தமாக ஏறினால், அந்தத் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, நூலுக்குள் சாயம் இறங்க அது உதவும். நெய்து முடித்து வீட்டுக்கு வந்த துணியில் ஒட்டாத சாயத்தை உப்பு ஒட்ட வைக்காது. அந்த ஒரு தடவை ஓடுவது குறைந்தது போலத் தெரியும், அடுத்த சலவையில் மறுபடி ஓடும். வெறும் தண்ணீரில், தெளியும்வரை அலசுவதே வழி.

அடுத்தது சுருக்கச் சோதனை. துணியின் ஒரு மூலையில், மாற்று நிற நூலால் 20 அங்குலச் சதுரம் ஒன்றை ஓட்டுத் தையலில் குறியுங்கள். பேனாக் குறி அழிந்துவிடும், நூல் நிற்கும். நனைத்துக் காய்ந்ததும் அளந்து பாருங்கள். நீளத்தில் 19 என்றால் ஐந்து சதவீதம். அகலத்தில் இதைவிடக் குறைவாகவே சுருங்குவது வழக்கம்.

நனைக்கும் முறை: ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊற வைத்து, மென்மையான சோப்பில் அலசி, முறுக்காமல் நீர் வடிய விட்டு, நிழலில் உலர்த்துங்கள். முறுக்கினால் பாவும் ஊடையும் கோணிக்கொள்ளும், பிறகு எந்த இஸ்திரியும் கட்டத்தை நேராக்காது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானதாக இருந்தால், கடைசி அலசலுக்காவது காவிரித் தண்ணீரையோ சிறுவாணித் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் படியும். நிறம் மங்கியது போலத் தோன்றுவதற்குப் பல நேரம் அந்தப் படிவுதான் காரணம்.

சற்றே ஈரம் இருக்கும்போது பாவின் வழியே, அதாவது நீளவாக்கில், இஸ்திரி போடுங்கள். இப்போது கத்தரியை எடுக்கலாம்.

7. ஜமக்காளம் விரித்தல்

ஜமக்காளத்தை வெட்டவே கூடாது. கனமான ஊடை நூல் வெட்டிய இடத்திலிருந்து வரிசை வரிசையாகக் கழன்று வரும், ஓரம் அடித்தாலும் நிற்காது. அளவு பெரிதாக இருந்தால் மடித்து அடியில் விடுங்கள், அல்லது வேறு அறைக்குக் கொடுங்கள். அளவு சொல்லி நெய்து வாங்குவதும் நடக்கிற காரியம்தான். சொல்லும்போது கோடு எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டைல்ஸ் தரையில் ஜமக்காளம் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அடியில் ரப்பர் வலை விரிப்பு போடாமல் விடாதீர்கள். அந்த வலை ஜமக்காளத்தைவிட இரு பக்கமும் ஓர் அங்குலம் சிறிதாக இருக்கட்டும், இல்லையென்றால் ஓரம் எட்டிப் பார்க்கும்.

விரித்ததும் நேராகப் போய் அறை வாசலில் நில்லுங்கள். கோடுகள் சுவருக்கு இணையாக ஓடுகின்றனவா என்பது அருகில் குனிந்திருக்கும்போது தெரியாது, வாசலில் நின்றால் உடனே தெரியும். டைல்ஸ் இணைப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சரி செய்யலாம். பழைய வீடுகளில் சுவர்கள் சரியான செங்கோணத்தில் இருக்காது. அங்கே நுழைந்ததும் கண்ணில் படும் சுவருக்கு இணையாக வைத்தால் போதும்.

மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டு, தலைமாடு கால்மாடாகத் திருப்புங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் நமக்குக் கிடைக்கும் வசதி இது. வெயிலும் தேய்மானமும் நான்கு பங்காகப் பிரிந்துவிடும்.

8. திரை: வாங்கிய துணியிலும் பழைய சேலையிலும்

வெட்டுவதற்கு முன் ஒரு குறுக்கு நூலை இழுத்து உருவுங்கள். அது விட்டுச் செல்லும் மெல்லிய வழியே வெட்டினால் வெட்டு நேராக இருக்கும். மேசை விளிம்பை வைத்து வெட்டுவது கட்டத் துணியில் எப்போதும் கோணும்.

அடிமடிப்பை உடனே தைக்காதீர்கள். தலைமடிப்பைத் தைத்து, கம்பியில் மாட்டி, இரண்டு நாள் தொங்கவிட்டு, துணி தன் எடையில் இறங்கிய பிறகு அடியைக் குண்டூசியால் குறித்துத் தையுங்கள். தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். காற்றோடு புழுதியும் வரும் ஊரில் தரையைத் தொடும் திரை துடைப்பத்தின் வேலையைச் செய்யும். ஆடிக் காற்றுக்கு, அடிமடிப்பின் இரு மூலைகளிலும் சிறு பை தைத்து, துணியில் சுற்றிய தட்டையான எடையைப் போட்டு மூடுங்கள்.

பழைய நெகமம் சேலை வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல கதவுத் திரை கிடையாது. ஏற்கெனவே பலமுறை நனைந்தது, இனிச் சுருங்காது. சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர், 216 அங்குலம். முந்தி 36 அங்குலத்தைத் தனியே எடுத்தால் 180 மிஞ்சும். சரிபாதியாக வெட்டினால் 90 அங்குலத்தில் இரண்டு. தலைமடிப்புக்கு 3, அடிமடிப்புக்கு 4 போக 83 நிற்கும், ஏழடிக் கதவுக்கு அளவெடுத்தது போல இருக்கும். சேலையின் இரு கரைகளும் திரையின் இரு ஓரமாக மேலிருந்து கீழே ஓடும். பக்கவாட்டில் மடித்துத் தைக்க வேண்டியதே இல்லை.

வெட்டும் முன் சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முழு நீளமும் பாருங்கள். கொசுவம் செருகும் இடமும், நடக்கும்போது தரையில் உரசும் கீழ்க்கரையும்தான் முதலில் நைந்திருக்கும். நைந்த இடம் திரையின் மேல்பகுதியில் வரக் கூடாது, தொங்கும் எடை முழுவதும் அங்கேதான் விழுகிறது. தேய்ந்த பக்கத்தைக் கீழே வரும்படி திருப்புங்கள், அல்லது உள்துணி கொடுங்கள். அம்மாவுடைய சேலை, பாட்டியுடைய சேலை என்றால் கத்தரி வைக்குமுன் வீட்டில் எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

9. கட்டில், ஊஞ்சல், மெத்தை உறை

சென்னிமலை பெட்ஷீட்டை அப்படியே விரித்தால் போதும். இரட்டைக் கட்டிலுக்கு 90க்கு 108 அங்குலம் எடுங்கள், அதற்குக் குறைந்தால் ஓரக் கரை மெத்தைக்கு அடியில் போய்விடும். ஊஞ்சல் பலகைக்குப் பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்துத் தைத்து, மூலைகளில் நாடா வைத்துச் சங்கிலியோடு கட்டுங்கள். கட்டாமல் விட்டால் ஆடும்போதெல்லாம் நழுவும்.

மெத்தை உறையில் நடுக்கட்டம் உறையின் நடுவில் வர வேண்டும். துணியை மிச்சப்படுத்த எண்ணி ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு உறையிலும் கட்டம் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். 16 அங்குல உறையில் குறுக்கே நான்கு கட்டமாவது தெரிய வேண்டும். சேலை முந்தியிலிருந்து 17 அங்குலச் சதுரம் நான்கு எடுக்கலாம், வடிவத்தை நடுவில் நிறுத்துவதென்றால் இரண்டுதான் கிடைக்கும். இரண்டு போதும். உருளைத் திண்டுக்குக் கோடு நீளவாக்கில் ஓடட்டும், இணைப்புத் தையலை ஒரு கோட்டின் விளிம்பில் ஒளித்துவிடலாம்.

10. சுவரில் மாட்டுவது

ஆணி அடித்து மாட்டாதீர்கள். முழு எடையும் இரண்டு துளையில் தொங்கினால் துளை கீறலாகும். துணியின் பின்பக்கம், மேல் விளிம்பில், ஒரு பட்டைத் துணியைக் குழல்போல முழு நீளத்துக்கும் கையால் தைத்து, அதற்குள் மரக்கம்பி செருகி மாட்டுங்கள். எடை பரவலாகப் பிரியும். சுவருக்கும் துணிக்கும் அரை அங்குல இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் சுவர் ஓதம் துணிக்கு ஏறாது. சமையலறைப் பக்கச் சுவர் வேண்டாம். தாளிப்புப் புகையின் எண்ணெய் நூலில் ஏறினால் துவைத்தாலும் முழுதாகப் போகாது.

11. பராமரிப்பு

ஜமக்காளத்தை வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் உதறினால் போதும். அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. துவைக்கும்போது செயற்கைப் பட்டு வகையைப் பிழியவே கூடாது, அந்த நூல் ஈரத்தில் வலுவிழக்கும். நனைந்த ஜமக்காளம் கனத்துவிடும் என்பதால் ஒற்றைக் கயிற்றில் போட்டால் நடுவில் தழும்பு விழும். இரண்டு கயிறு, இல்லையென்றால் கைப்பிடிச் சுவரின் மேல் சுத்தமான துணி விரித்து அதன்மேல்.

திரைக்கும் உறைக்கும் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும் என்பது உண்மைதான். புழக்கத்தில் இருக்கும்வரை தடையில்லை. எடுத்து வைக்கும் துணியில் மட்டும் கஞ்சி இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சி அதைத் தேடித்தான் வரும். அலசி, நன்றாகக் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையோடு பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கி மஞ்சள் புள்ளி விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு இடத்தை மாற்றுங்கள்.

தைத்து மிஞ்சிய துண்டுகளை எறியாதீர்கள். ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் துண்டை எடுத்து, வாங்கிய கடை, தேதி, சுருக்க அளவு எழுதி அந்த நோட்டிலேயே குத்தி வையுங்கள். திரையைத் துவைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டையும் கூடவே போட்டு அலசுங்கள். நாளை ஒட்டுப் போட நேர்ந்தால் திரை மங்கிய அளவுக்கு அதுவும் மங்கியிருக்கும்.